வீட்டுக்கு ஓர் ஆள்

அத்தியாயம் 17

2024 டிசம்பர் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் உள்ள ஆலஞ்சேரியின் சித்தேரி நிரம்பி, உபரி நீர் போகும் கலங்கலில் தண்ணீர் வழியத் தொடங்கியது.

முந்தைய இரவு புயல் கரையைக் கடந்திருந்தது. காற்று ஓய்ந்துவிட்டது. மழை ஓயவில்லை.

சாரதா அப்போது ஊரில் இல்லை. ஏரிக்குக் கீழே, கலங்கல் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பல்கலைக்கழகத்தில், பெண்கள் விடுதி வராந்தாவில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். புயல் இரவில் உதவிப் பதிவாளர் வளாகத்திலேயே தங்க வேண்டும் என்று பேரிடர்த் திட்டத்தில் எழுதியிருந்தது. உதவிப் பதிவாளர் அவள்தான். திட்டத்தை எழுதியவளும் அவள்தான்.

அந்தத் திட்டத்துக்காகக் கோடை முழுவதும் அவள் மடிக்கணினியும் கையுமாக இருந்ததை அவள் கணவன் அரிகிருஷ்ணன் இன்னும் சொல்லிக் காட்டுவான். "ஏரிக்குக் கீழ கட்டடம் கட்டிட்டு, தண்ணி வந்தா இன்னா பண்றதுன்னு நூறு பக்கம் எழுதுறாளாம்" என்று தம்பியிடம் சிரிப்பான். சிரிப்புக்குள் பழைய கசப்பு இருந்தது. விடுதி நிற்கும் இடம் ஒரு காலத்தில் அவர்கள் நிலம். பல்கலைக்கழகத்துக்கு எழுதிக்கொடுக்க மாமனார் கையெழுத்துப் போட்டார். அரிகிருஷ்ணன் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்ற பேச்சின்படி, எம்.காம். படித்திருந்த மருமகள் சாரதா அலுவலகத்தில் சேர்ந்தாள். மற்ற வீடுகளுக்கும் ஒவ்வொரு வேலை. தனி வீடாகப் பிரிந்திருந்த அவள் கொழுந்தன் சிலம்பரசன் பல்கலைக்கழக பஸ் டிரைவரானான்.

"மேடம், கொஞ்சம் பின்பக்கம் வந்து பாருங்க." விடுதிக் காப்பாளர் உஷாராணி குடையில்லாமல் வந்து நின்றார். அவர் குரலில் இருந்த நிதானம்தான் சாரதாவைப் பயமுறுத்தியது.

பின்பக்கம் மதில்சுவர் இருந்த இடத்தில் ஓடை இருந்தது. செம்மண் கலந்த தண்ணீர் கட்டடத்தின் மூலையை ஒட்டிச் சுழித்துக்கொண்டு போயிற்று. குளியலறைப் பக்கத்து அஸ்திவாரத்தின் அடிமண் கரைந்து, கான்கிரீட்டின் அடிப்பாகம் பல்லிளித்தது. சுவரில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு.

"ராத்திரி இது இல்ல மேடம். காலையில பல் தேய்க்க வந்த பொண்ணுதான் பாத்துச்சு. முதல்ல நூல் மாதிரி இருந்தது."

சாரதா பிளவில் விரலை வைத்தாள். விரல் உள்ளே போயிற்று.

விடுதியில் ஏறக்குறைய இருநூறு பெண்கள் இருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் புயல் எச்சரிக்கை வந்ததுமே போய்விட்டிருந்தார்கள். இவர்கள் தூரத்துப் பிள்ளைகள். ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை.

"மாடியில ஏத்திடலாமா?" என்றார் உஷாராணி.

"மாடியும் இந்தச் சுவத்து மேலதான நிக்குது. கிளப்பிடுவோம். அரியாங்குப்பத்துல கல்யாண மண்டபம் பேசி வச்சிருக்கோம். தரைப்பாலம் முங்குறதுக்குள்ள போயிடணும்."

வளாகத்திலிருந்து வெளியே போக ஒரே வழி அந்தத் தரைப்பாலம். பஸ்கள் கொட்டகையில் நின்றன. டீசல் இருந்தது. சாவிகள் காவலறையில் தொங்கின. எல்லாம் திட்டத்தில் சொன்னபடி இருந்தது.

சாரதா சிலம்பரசனுக்கு போன் போட்டாள். எடுத்தது அவன் மனைவி அனிதா.

"அக்கா, அவரு கரைக்குப் போயிட்டாரு. போனு வூட்லயே கிடக்கு."

"எப்போ?"

"விடியறதுக்கு முன்னாடியே. கோயில் மணி அடிச்சாங்களே, அங்க கேக்கலையா? உங்க வூட்டு மாமாவும் கரையிலதான். அவருதான இந்த வருஷம் மணியம்."

அடுத்த டிரைவர் வீட்டில் போன் அடித்து ஓய்ந்தது. மூன்றாவது வீட்டில் டிரைவரின் அம்மா எடுத்தாள்.

"இன்னா மேடம், வெளியூர்க்காரி மாதிரி கேக்குற? ஏரி வழியுது. ஆம்பள வூட்டுல குந்திக்கினு இருப்பானா?"

நான்காவது, ஐந்தாவது எண்களைச் சாரதா அழுத்தவில்லை. தீயணைப்பு நிலையத்துக்கு முயன்றுகொண்டே இருக்கச் சொல்லி, போனை நைட்டி போட்ட ஒரு மாணவியின் கையில் கொடுத்துவிட்டு, வராந்தாப் படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தாள்.

ஆலஞ்சேரியில் ஏரி ரொம்பினால் வீட்டுக்கு ஓர் ஆள் கரைக்குப் போக வேண்டும். ஏரிப் பாசனத்தில் நிலம் உள்ள எந்த வீட்டுக்கும் விலக்கு இல்லை. பொழுது சாயும்போது கரையில் வைத்து மணியம் வீடு வீடாகப் பேர் கூப்பிடுவார். ஆள் குரல் கொடுக்காத வீட்டுக்கு அடுத்த போகத்தில் தண்ணீர் முறை கிடையாது. கல்யாணமாகி வந்த முதல் மழையிலேயே சாரதாவுக்குத் தெரிந்த சங்கதி இது. அரிகிருஷ்ணனுக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோயிருக்கிறாள்.

அவசர கால டிரைவர்களாக யாரைப் போடுவது என்று கூட்டத்தில் பேச்சு வந்தபோது, "எங்க ஊர் ஆளுங்களைப் போடுங்க சார். கூப்பிட்ட குரலுக்கு வந்து நிப்பாங்க" என்று சொன்னதும் அவள்தான். ஐந்து பேரும் நிலம் கொடுத்தது போக மிச்சம் நிலம் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள். ஜூலையில் ஒத்திகை நடந்தது. சைரன் ஊதி முடிப்பதற்குள் ஐவரும் வந்து சீருடையில் நின்றார்கள். பதிவாளர் கைதட்டினார். சாரதாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜூலையில் ஏரியில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

இரண்டும் அவளுக்குத் தெரிந்த விஷயங்கள்தான். ஒன்று வீட்டில் தெரிந்தது, மற்றது ஆபீஸில் தெரிந்தது. இரண்டையும் அவள் ஒரு நாளும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

சென்னையில் உறவினர் கல்யாணத்துக்குப் போய் மாட்டிக்கொண்டிருந்த பதிவாளர் சிவப்பிரகாசம் லைனில் வந்தார். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"பதட்டப்படாதீங்க மேடம். டிரைவர் வரலைன்னா மாற்று ஏற்பாடு இருக்குமே? பிளானைப் பாருங்க."

"நான் எழுதின பிளான் சார். மாற்று டிரைவரும் எங்க ஊருதான்."

நாதஸ்வரச் சத்தம் விலகியது; அவர் வெளியே வந்திருந்தார்.

"ஏதாவது பண்ணுங்க மேடம். பொண்ணுங்க விஷயம். உங்க ஊருதானே, சொன்னா கேக்க மாட்டாங்களா?"

---

தரைப்பாலத்தில் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடியது. சாரதா ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே கடந்தாள். ஏரிக்கரை ஏறும் இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, வழுக்கும் களிமண்ணில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

கரை நெடுக ஆட்கள். டிராக்டரில் மணல் மூட்டைகள் வந்து இறங்கின. பனைமரத்து மூலையில் கரை உள்வாங்கியிருந்தது. இளவட்டங்கள் அங்கேதான் இடுப்பளவு தண்ணீரில் மூங்கில் அடித்துக்கொண்டிருந்தார்கள். சிலம்பரசனும் மற்ற நாலு டிரைவர்களும் அங்கே இருந்தார்கள்.

"மேடம் வராங்க, வழி வுடுங்கடா" என்றது ஒரு குரல். "மூட்டை தூக்கவா, மீட்டிங் போடவா?"

சிரிப்பு எழுந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது.

அரிகிருஷ்ணன் தலையில் போட்டிருந்த உரச்சாக்கை விலக்கிக்கொண்டு வந்தான். "இன்னா சாரதா? இன்னா ஆச்சு?"

"ஆஸ்டல் சுவரு பொளந்துகிச்சுங்க. ஓடை அடிமண்ணை அரிச்சுக்கினே போவுது. இருநூறு பொண்ணுங்க உள்ள இருக்குதுங்க. பஸ்ஸை எடுக்கணும்."

"எடுக்க வேண்டியதுதான?"

"டிரைவருங்க இங்க நிக்கிறாங்க."

அவன் பனைமரத்து மூலையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அஞ்சு பேருமா?"

"அஞ்சு பேரும்."

"வேற ஊரு ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?"

"நம்ம ஊரு ஆளுங்கன்னு நான்தான் போட்டேன்."

"நம்ம ஊரு ஆளுங்க ஏரி ரொம்பினா எங்க நிப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

மழை இருவருக்கும் நடுவில் பெய்தது.

"பையர் சர்வீஸைக் கூப்பிட்டியா?"

"லைன் கிடைக்கல. கிடைச்சாலும் இன்னிக்கு எந்த ஊருக்குன்னு போவாங்க? தரைப்பாலத்துல இப்பவே தண்ணி ஏறிடுச்சுங்க. இன்னும் கொஞ்ச நேரம் போனா பஸ்ஸு இருந்தும் பிரயோஜனம் இல்ல."

அரிகிருஷ்ணன் குரலைத் தாழ்த்தினான். "இந்த மூலை போச்சுன்னா கீழ இருக்கிற நிலம் பூராப் போவும். கதிரு வெளிய வர்ற நேரம்."

"முதல்ல போவுறது நம்முதுதான். எனக்குத் தெரியாதா?"

"நம்முது போனா போவட்டும்னு நான் சொல்லிடலாம் சாரதா. மத்தவன் நிலத்துக்கு நான் எப்படிச் சொல்லுவேன்? மணியம்னு என்னை நிக்க வச்சிருக்காங்க."

"அப்ப அந்தப் பொண்ணுங்களை அப்படியே வுடச் சொல்லுறீங்களா?"

"அதையும் நான் சொல்லலடி."

சிலம்பரசன் கையில் மரச்சுத்தியோடு மேலே ஏறி வந்தான். காது கூர்மையானவன்; பாதி கேட்டிருந்தான்.

"அண்ணி, சுவரு எவ்ளோ விட்டிருக்கு?"

அவள் விரலைக் காட்டினாள். "காலையில நூல் மாதிரி இருந்துச்சாம்."

அவன் சுத்தியைக் கீழே வைத்தான். "அண்ணா."

"மணியமா உன்னை எறங்குன்னு சொல்ல மாட்டேன்டா" என்றான் அரிகிருஷ்ணன். சிறிது பொறுத்து, "நில்லுன்னும் சொல்ல வாய் வரல" என்றான்.

"இப்ப எறங்கினா பேரு கூப்புடுறப்ப வந்துடணும் சிலம்பு" என்றார் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். "இல்ல, முறை போயிடும். கரை யாருக்கும் தனியாப் பாக்காது."

மற்ற நாலு டிரைவர்களும் வந்துவிட்டார்கள். அவர்களில் வாய்த்துடுக்கான ராஜ்குமார் கேட்டான்: "மேடம், உங்க பிளான்ல தண்ணி முறைக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கீங்களா?"

"இல்லப்பா."

"எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டு அவன்தான் முதலில் சரிவில் இறங்கினான்.

ஐந்து பேரும் ஓடுவதை அரிகிருஷ்ணன் பார்க்கவில்லை. தம்பி வைத்துவிட்டுப் போன சுத்தியை எடுத்துக்கொண்டு, பனைமரத்து மூலையில் தண்ணீருக்குள் இறங்கினான்.

---

பெண்கள் சத்தம் போடவில்லை. அதுவே சாரதாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொருத்தியும் ஒரு பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். உஷாராணி தலைகளை எண்ணிக்கொண்டே வந்தார். சார்ஜரை மறந்துவிட்டேன் என்று ஒருத்தி இறங்கி ஓட, எண்ணிக்கை குழம்பி, "சார்ஜரு முக்கியமாடி இப்போ?" என்று கத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

சிலம்பரசன் முதல் பஸ்ஸை எடுத்தான். தரைப்பாலத்தில் தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு ஏறியிருந்தது. பாலத்தின் ஓரம் எது, ஓடை எது என்று தெரியவில்லை. அவன் தலையை வெளியே நீட்டி, சிறு வயதில் மாடு ஓட்டிப் போன தடத்தை நினைவில் வைத்துக்கொண்டு ஊர்ந்தான். மற்ற பஸ்கள் அவன் தடத்திலேயே பின்னால் போயின. கடைசி பஸ்ஸின் சிவப்பு விளக்கு அந்தக் கரையில் மேடேறியதும்தான் சாரதா மூச்சு விட்டாள்.

அவள் போகவில்லை. கடைசியாக வெளியேற வேண்டியவர் உதவிப் பதிவாளர். அதுவும் அவள் எழுதியதுதான். காவலர்கள் இருவரும் அவளும் நூலக மாடியில் இருந்தார்கள்.

மதியம் சிலம்பரசன் உஷாராணியின் போனிலிருந்து பேசினான். "எல்லாரையும் மண்டபத்துல எறக்கியாச்சு அண்ணி. சூடா உப்புமா போடுறாங்க. ஆனா திரும்பி வர முடியல. ரோட்டுல புளியமரம் சாஞ்சு கிடக்கு, அந்தப் பக்கம் பூராத் தண்ணி. பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன்னு பாத்தேன்."

"வராத சிலம்பு. அங்கியே இரு."

"பேரு கூப்புடுவாங்களே அண்ணி."

"நான் போறேன்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்று மணி போல ஒரு காவலர் சந்தோஷமாகக் கூவினார். "மேடம், ஓடை எறங்குது! தண்ணி கொறையுது பாருங்க!"

உண்மைதான். விடுதி மூலையில் சுழித்துக்கொண்டிருந்த தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் இறங்கிற்று. பிளந்த சுவர் அப்படியே நின்றது. "அப்பாடா, ஆஸ்டல் தப்பிச்சுது" என்றார் காவலர்.

மழை விடவில்லை. வானம் அப்படியேதான் கறுத்துக் கிடந்தது.

மழை விடாமல் கலங்கல் ஓடை இறங்கினால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். தண்ணீர் வேறு வழி கண்டுவிட்டது.

சாரதா படிக்கட்டில் இறங்கி, தண்ணீர் வடிந்துகொண்டிருந்த தரைப்பாலத்தை நோக்கி ஓடினாள்.

---

பனைமரத்து மூலையில் பனைமரம் இல்லை. கரை இரண்டு லாரி நுழையும் அகலத்துக்கு வாய் பிளந்திருந்தது. அதன் வழியே ஏரி நிலத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே வரப்பு எதுவும் தெரியவில்லை. தூரத்தில் அவர்கள் மோட்டார்க் கொட்டகையின் கூரை மட்டும் தெரிந்தது.

ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். அதைத்தான் அவள் முதலில் பார்த்தாள். அரிகிருஷ்ணன் உடைப்பின் இந்தப் பக்கம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். வலது முழங்கையில் துண்டைக் கட்டியிருந்தான். துண்டில் ரத்தம்.

"கை..."

"மூங்கில் கிழிச்சுது. ஒண்ணுமில்ல." அவன் நிமிரவில்லை. "பொண்ணுங்க?"

"போய்ச் சேந்துட்டாங்க."

"ஆஸ்டல்?"

அவள் தயங்கினாள். "நிக்குது."

பக்கத்தில் நின்ற ஒருவன் காறித் துப்பினான். "நிக்காம? இங்க ஒடைஞ்சதாலதான அங்க நிக்குது. அஞ்சு பேரு இருந்திருந்தா இங்க நின்னிருக்கும்."

"அஞ்சு பேரு இருந்தா நின்னிருக்குமா, அம்பது பேரு இருந்தாலும் நின்னிருக்காதான்னு உனக்கு யாரு வந்து சொன்னது?" என்றார் காலையில் பேசிய பெரியவர்.

"நின்னிருந்தா அங்க அந்தச் சுவரு வுழுந்திருக்கும்" என்றாள் சாரதா.

அதை நிரூபிக்க அவளாலும் முடியாது, மறுக்க அவர்களாலும் முடியாது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. கரை உடைந்தாலும் பேர் கூப்பிடுவது உண்டு. அரிகிருஷ்ணன் எழுந்து நின்றான். அவனிடம் தாள் எதுவும் இல்லை. எல்லா வீடும் மனப்பாடம். மேற்குத் தெருவிலிருந்து தொடங்கினான். ஒவ்வொரு பேருக்கும் எங்கிருந்தோ "ஆள் இருக்கு" என்று குரல் வந்தது.

"ராஜ்குமார் வூடு."

மழைச் சத்தம்தான் கேட்டது. அரிகிருஷ்ணன் அடுத்ததற்குப் போனான். மற்ற மூன்று டிரைவர்களின் வீடுகளும் அப்படியே போயின.

"சிலம்பரசன் வூடு."

தம்பியின் பேரைச் சொல்லும்போது அவன் குரல் மாறவில்லை.

"ஆள் இருக்கு" என்றாள் சாரதா.

கரையில் எல்லாத் தலையும் திரும்பியது.

"அது எப்படி மேடம்?" என்றான் துப்பியவன். "நீ மணியம் வூட்டு ஆளு. மணியமே இங்க நிக்கிறாரு. ஒரு வூட்டுக்கு எத்தினி ஆளு? தம்பி வூட்டுக்கும் நீயேவா?"

"அவனைக் கூப்பிட்டது நான். அவனுக்குப் பதிலா நான் நிக்கிறேன்."

அரிகிருஷ்ணன் அவளைப் பார்த்தான். காலையில் பார்த்த அதே பார்வை. அவள் காத்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் அவள் கேட்ட எதற்கும் இப்படிக் காத்திருந்ததில்லை.

அவன் அடுத்த வீட்டின் பேரைக் கூப்பிட்டான்.

---

திங்கட்கிழமை காலை பதிவாளர் போன் செய்தார். "பேப்பர்க்காரங்க கேட்டாங்க மேடம். நம்ம திட்டம் நூத்துக்கு நூறு வேலை செஞ்சுதுன்னு சொல்லிட்டேன். உங்க பேரையும் சொல்லியிருக்கேன்." அவள் நன்றி சொன்னாள். வேறு ஊரிலும் டிரைவர்கள் வேண்டும் என்று அவள் தொடங்கியபோது லைன் போய்விட்டது.

அன்று மாலை சிலம்பரசன் வீடு வந்து சேர்ந்தான். அண்ணன் வீட்டுப் பக்கம் வரவில்லை. அனிதா பால் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. சாரதா கொடுத்த குரல் செல்லவில்லை; சிலம்பரசன் வீடு உட்பட, கரையில் ஆள் இல்லாத ஐந்து வீடுகளுக்கும் அடுத்த போகத்தில் தண்ணீர் முறை இல்லை என்று முடிவாயிற்று. அவர்கள் போன காரியத்தைச் சிலர் எடுத்துச் சொன்னார்கள். ஊர் கேட்டுக்கொண்டது, முடிவை மாற்றவில்லை. பிறகு மணியம் எழுந்து, ஆட்களைக் கரையை விட்டு இறங்கக் கூப்பிட்டது எந்த வீடோ அந்த வீட்டுக்கும் முறை இருக்கக் கூடாது என்றான்.

ஆறாவதாக அரிகிருஷ்ணன் வீட்டின் பேர் சேர்க்கப்பட்டது.